பிள்ளையாருக்கு ஒரு கணக்கு, அமெரிக்காவுக்கு ஒரு கணக்கு

உள்துறைமுக வீதி,
திருகோணமலை.
ஆனி மாதம், வியாழக்கிழமை.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மச்சான் குணரத்தினம் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புஸ்பராணியின் கணவன் பாக்கியரத்தினம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் எங்கள் மகள், உங்கள் மருமகள் நிரோஜினியும் பிள்ளையாரின் கிருபையால் நலமாக இருக்கிறோம். நீங்களும் அங்கே அவர் கிருபையால் நலமாக இருப்பீர்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அப்போது கோயில் வாசலில் பதித்திருக்கும் சலவைக்கல் ஞாபகத்துக்கு வந்தது. அதை வாசித்துப் பார்த்தால் பிள்ளையார்தான் உங்கள் கிருபையில் இருக்கிறார் போலக் கிடக்கிறது. ஆகவே அவருடைய நலத்தையும் உங்களிடமே விசாரித்துக்கொள்கிறேன்.

இந்தக் காலத்தில் ஏன் இந்த மனிதன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். வாட்சப்பில் எழுதினால் நீங்கள் கைகூப்பிய படம் ஒன்று அனுப்புகிறீர்கள். சுகமா என்று கேட்டாலும் கைகூப்பு, கடதாசி அனுப்பினீர்களா என்று கேட்டாலும் கைகூப்பு. போன மாதம் கோபத்தில் "நீங்களும் ஒரு மனிசனா?" என்று எழுதினேன், அதற்கும் கைகூப்பு, கூடவே ஒரு தாமரைப்பூ. கடிதத்துக்கு அப்படிப் பதில் போட ஏலாது. துறைமுகக் களஞ்சியத்தில் பென்சன் எடுக்கும்வரை கிளாக்கராக இருந்தவன் நான். கப்பலில் வந்த ஆணிப்பெட்டி ஒன்று குறைந்தாலும் அனுப்பினவனுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, அவன் மன்னிப்புக் கேட்கும்வரை விடமாட்டேன். நியூ ஜேர்சி எனக்குப் பெரிய தூரமில்லை.

விசயம் உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாதது போல் இருப்பவருக்கு ஆதியிலிருந்து சொல்ல வேண்டியதுதான். எங்கள் மருமகன் ரஜீவன் தம்பலகாமத்துப் பிள்ளை. அமெரிக்க விசா லொட்டரி விழுந்து போய், பகலில் சாமான் கிடங்கில் வேலை, பின்னேரத்தில் படிப்பு என்று இருப்பவர். நல்ல குணம். சம்பளத்துக்குத்தான் அவ்வளவு நல்ல குணமில்லை. சம்பந்தம் பேச வந்த அன்று அவருடைய பெரியப்பா மூடி மறைக்காமல் அதைத்தான் சொன்னார்: "பெடியன்ர வருமானம் இப்ப காணாது. பிள்ளையைக் கூப்பிடுறதெண்டால் அந்த நாட்டுச் சட்டப்படி வசதியான ஆள் ஒராளும் சேர்ந்து பொறுப்பெடுக்க வேணுமாம்." நீங்கள் அப்போது திருவிழாவுக்கு வந்து, கட்டைக் காற்சட்டையும் கப்பல் கட்டுகிற தடிப்பில் ஒரு சங்கிலியுமாக எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்தீர்கள். "என்ர மருமகளுக்கு நான் நிக்கிறன். மூண்டு பெற்றோல் செட் வைச்சிருக்கிறவன் ஒரு கையெழுத்து வைக்கமாட்டனே? அங்க இருக்கிற ஒரே கரைச்சல் இந்த வரிதான். ஆளைக் கொல்லுது" என்றீர்கள். தம்பலகாமத்தார் அத்தனை பேரும் உங்களைப் பாவம் பார்த்தார்கள். இவ்வளவு வரி கட்டுகிற ஒருவரோடு சம்பந்தம் செய்வதே புண்ணியம் என்று நினைத்திருப்பார்கள். அந்த இடத்திலேயே பஞ்சாங்கத்தை எடுத்து நாள் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடித்தார்கள்.

கலியாணம் முடிந்து மூன்று கிழமையில் ரஜீவன் திரும்பிப் போனார். வருடம் ஒன்று தாண்டிவிட்டது. இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம், அங்கே அவருக்குக் காலைச் சாப்பாடு. நிரோஜினி குசினியில் போனை உப்புப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டுப் புட்டுக்கு மாக் குழைக்கிறாள். அந்தப் பக்கம் அவர் பாண் வாட்டுகிறார். "தண்ணி கூடிப்போச்சு நிரோ, மாவைப் பாரும்" என்று போனுக்குள்ளிருந்து சத்தம் வருகிறது. பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருந்து சாப்பிடுகிறார்கள், ஆளுக்கொரு கண்டத்தில். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் மச்சான், சாப்பிட்டு முடித்ததும் அவள் அந்தப் போனைச் சீலைத் துண்டால் துடைத்து எடுத்து வைக்கிற விதத்தைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. இந்தக் கடிதத்தில் நீங்கள் வாசிக்க வேண்டியது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் என் கோபம்.

உங்களிடம் கேட்டது ஒன்றும் ராச்சியத்தை அல்ல. பிள்ளை அங்கே வந்து அரசாங்கத்துக்குப் பாரமாக இருக்கமாட்டாள் என்பதற்கு உங்கள் வரிக் கடதாசி, வேலைக் கடிதம், ஒரு கையெழுத்து. "அது ஒரு சின்ன வேலை மச்சான்" என்றீர்கள். முதல் மாதம் உங்கள் கணக்காளர் விடுமுறையில் போனார். அடுத்த மாதம் பனி கொட்டியது. அதற்கடுத்த மாதம் கணக்காளர் பனியில் சறுக்கி விழுந்தார். ரஜீவன் நானே நேரில் வந்து வாங்குகிறேன் என்று சொன்னால், "வேண்டாம் தம்பி, நான் ஒரு இடத்தில நிக்கிற ஆள் இல்லை" என்றீர்களாம். இன்டவியூத் திகதி வந்து, உங்கள் தங்கை போனில் அழுத பிறகுதான் இறுக்கி ஒட்டிய கவர் ஒன்று கூரியரில் வந்தது. அதுவும் உங்களுக்குப் பக்கத்து ஊரில் இருக்கிற மருமகனிடம் போகாமல், கடல் தாண்டி நேராக எங்களிடம். "மச்சான், இதை வேற ஆருக்கும் காட்டாதேங்கோ. எம்பசியில மட்டும் குடுங்கோ" என்று ஒரு குரல் செய்தி வேறு. பெரிய மனிதர்களின் கணக்குவழக்கு ரகசியம்தானே என்று நானும் பயபக்தியோடு கவரைச் சாமி அறையில் வைத்தேன். புஸ்பராணி அதற்குத் திருநீறு பூசினாள்.

விசாக் கோவைகளை அடுக்கிக் கட்டித் தருவது அரசாங்கக் கச்சேரிக்குக் கிட்ட போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் ஜவ்பர். நல்ல மனிதர், ஆனால் எதையும் இரண்டு தரம் கேட்பார். கவரை வெட்டி மேலே இருந்த வரிக் கடதாசியைப் பார்த்ததும், "சேர், இந்தத் தொகை மாசத்துக்கா, வருசத்துக்கா?" என்றார். நான் வாங்கிப் பார்த்தேன். ரூபாயில் பெருக்கினேன், பெரிய தொகைதான். மூன்று பெற்றோல் செட்டால் பிரித்தேன், காணாது. "மாசத்துக்கு" என்றேன். ஜவ்பர் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் நரைமயிரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டு, கொப்பி எடுக்க உள்ளே போனார். நான் மிச்சக் கடதாசியை வெளியே கிடந்த வாங்குப் பலகையில் வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்துப் போட்டால் முன்னால் ஒரு மான் நிற்கிறது. எங்கள் ஊர் மானை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். காட்டில் புல் மேய்கிற சாதி இல்லை, பஸ் நிலையத்தில் பாண் கேட்கிற சாதி. அதன் வாயிலிருந்து உங்கள் கடதாசி ஒன்றின் பாதி தொங்கிக்கொண்டிருந்தது.

நான் ஒரு பக்கம் பிடித்து இழுக்க, அது மறுபக்கம் பிடித்து இழுக்க, கச்சேரிக்கு வந்த சனமெல்லாம் வந்த அலுவலை மறந்து நின்று பார்த்தது. ஒருவராவது கை கொடுத்தாரா? இரண்டு பேர் படம் பிடித்தார்கள். ஒரு பெரியவர், "ஐயா, இழுக்காதேங்கோ, மானில கை வைச்சால் கேஸ்" என்று சட்டம் சொன்னார். கடதாசியில் கை வைத்த மானுக்கு என்ன கேஸ் என்று கேட்டேன். அதற்கு அவரிடம் சட்டம் இல்லை. கடைசியில் என் கையில் மிஞ்சியது கடதாசியின் அடித்துண்டு மட்டும். அதில் ஒரு கையெழுத்து இருந்தது, உங்களுடையது அல்ல. ஜவ்பர் வெளியே வந்து துண்டைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "வேலைக் கடிதம் போயிட்டுது சேர். வேலை குடுக்கிற ஆள் எழுதித் தாற கடிதம்." "அவருக்கு ஆர் ஜவ்பர் வேலை குடுக்கிறது? அவரெல்லோ மற்றாக்களுக்குக் குடுக்கிறவர்" என்று நான் பெருமையாகச் சொன்னேன். கையெழுத்து உங்கள் மனேச்சர் யாராவது வைத்ததாக இருக்கும் என்று எனக்குள் முடிவும் கட்டிக்கொண்டேன்.

அன்றைக்கே உங்களுக்கு எழுதினேன்: மான் தின்றுவிட்டது, இன்னொன்று அனுப்புங்கள். பதிலுக்கு வழமையான கைகூப்பு, இந்தமுறை மூன்று கைகூப்பு. ஏதோ மானுக்கு நன்றி சொல்கிறது போல இருந்தது. இன்டவியூவுக்கு நாள் கிட்டிவிட்டது, உங்களிடமிருந்து கடிதம் வருகிற பாடில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒரு மனிதனின் வசதிக்கு அத்தாட்சி வேண்டும், அவ்வளவுதானே? அதற்கு அமெரிக்காவில் ஏன் தேட வேண்டும்? எங்கள் கோயிலில் கல்லில் வெட்டிக் கிடக்கிறதே!

உங்கள் தங்கையைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். மணிக்கூண்டுக்குக் கீழே 'அமெரிக்க வள்ளல் குணரத்தினம் அவர்களின் உபயம்' என்று பெயரும், வருடமும், தொகையும் பொன் எழுத்தில் இருக்கும் கல்லைப் படம் எடுத்தோம். புஸ்பராணி கூறைச்சேலை உடுத்து வந்து, தொகைக்கு நேரே விரலை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். உங்கள் பெயர் எழுதிய ஃபானையும் எடுத்தோம். அது சுற்றினால் பெயர் தெரியாது என்று, நீங்கள் ஊரில் நிற்கிற நாட்களில் அதை நிறுத்தி வைப்பது வழக்கம். சனம் வேர்த்து ஒழுகிக் கும்பிடும். படம் எடுப்பதற்காக அன்றும் நிறுத்தினோம், சனம் அன்றும் வேர்த்தது. கோயில் தலைவர் உற்சாகமாகி, நீங்கள் மூன்று பெற்றோல் செட்டுக்கு உரிமையாளர் என்றும் இந்த ஆலயத்தின் ஆறாம் திருவிழா உபயகாரர் என்றும் ஒரு கடிதம் எழுதி, இருந்த முத்திரையெல்லாம் குத்தி, கேளாமலே தன்னுடைய படத்தையும் ஒட்டிக் கொடுத்தார்.

ஜவ்பர் இதையெல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "சேர், இது கோயிலுக்குச் சரி. எம்பசிக்குச் சரிவருமா?" என்றார். "கல்லில வெட்டினது பொய்யாகுமே ஜவ்பர்?" என்றேன். "பொய் எண்டு நான் சொல்லல்ல சேர். 'வள்ளல்' எண்டதை இங்கிலீசில எப்பிடிப் போடுறது எண்டுதான் யோசிக்கிறன்" என்று சமாளித்தார். கடைசியில் கல்வெட்டு முழுவதையும், தொகையோடு, அழகான இங்கிலீசில் அடித்துத் தந்தார். அந்த அழகுதான் எங்களுக்கு வினையாக வந்து முடிந்தது.

கொழும்புக்கு நானும் போனேன். உள்ளே பிள்ளையை மட்டும்தான் விடுவார்கள். வெளியே வெயிலில், என்னைப் போல நாலைந்து தகப்பன்மாரோடு நின்றேன். ஒவ்வொருவர் பிள்ளையும் சிரித்துக்கொண்டு வந்தது. என் மகள் கையில் ஒரு கலர்க் கடதாசித் துண்டோடு வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நல்லது. "அப்பா, அந்த வெள்ளைக்காரப் பொம்பிளை நல்லாத்தான் கதைச்சவ. எங்கட கலியாணத்தைப் பற்றி ஒரு சந்தேகமும் கேக்கேல்லை. பிறகு மாமான்ர வரிக் கடதாசியையும் நீங்கள் குடுத்த கோயில் படத்தையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பார்த்தவ" என்றாள்.

வைத்துப் பார்த்துவிட்டு, தமிழில் சொல்லுகிறவர் மூலம் அந்த அம்மா கேட்டிருக்கிறார்: "உங்கள் மாமாவுடைய ஒரு வருட வருமானம் இது. அதே வருடத்தில் மணிக்கூண்டுக்கு அவர் கொடுத்தது இது. வருமானத்தில் பாதி கோயிலுக்குப் போயிருக்கிறது. அப்படியானால் அவர் எதைச் சாப்பிடுகிறார்?" நிரோஜினி பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "இங்க வந்து நிக்கேக்குள்ள எங்கட வீட்டில சாப்பிடுவார்" என்றிருக்கிறாள். அடுத்த கேள்வி: "பெற்றோல் நிலையம் மூன்று என்று கோயில் தலைவர் எழுதியிருக்கிறார். வரிக் கடதாசியில் ஒன்றுகூட இல்லையே?" அதற்கு என் பிள்ளை என்ன சொல்லும்? வருடத்துக்கா மாதத்துக்கா என்று அந்த அம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை, மச்சான். ஜவ்பருக்கும் உண்மையில் வந்திருக்காது, என்னை யோசிக்க வைக்கத்தான் கேட்டிருக்கிறார். நாலெழுத்துப் படித்த எனக்குத்தான் வந்தது. இந்த மாமா போதாது, வேறொருவரின் கடதாசி கொண்டு வந்தால் பார்க்கிறோம், அதுவரை கோவை தூங்கும் என்று சொல்லித்தான் அந்தத் துண்டைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

இப்போது நான் உங்களைக் கேட்கிறேன். நீங்கள் இரண்டு கணக்குக் காட்டியிருக்கிறீர்கள், பிள்ளையாருக்கு ஒன்று, அமெரிக்க அரசாங்கத்துக்கு ஒன்று. இரண்டும் உண்மையாக இருக்க ஏலாது. யாரிடம் பொய் சொன்னீர்கள்? பிள்ளையாரிடம் என்றால் பரவாயில்லை, அவர் பொறுமைசாலி, அவருக்கு மணிக்கூண்டாவது மிச்சம். அமெரிக்காக்காரனிடம் பொய் சொல்லி வருமானத்தை ஒளித்திருந்தீர்கள் என்றால், நீங்கள் ஒளித்ததற்கு என் மகள்தான் குசினியில் நின்று தண்டம் கட்டுகிறாள். வரி ஆளைக் கொல்லுது என்றீர்கள். அந்தக் கடதாசியில் இருந்த வரிக்கு நுளம்பு கூடச் சாகாது. பிள்ளை குட்டி இல்லாத தனியாள் நீங்கள், யாருக்காகச் சேர்க்கிறீர்கள்? எச்சில் கையால் காகம் துரத்தாதவர் என்று சொல்லவும் வழியில்லை, கோயிலுக்கு அள்ளிக் கொடுக்கிறீர்கள். கல்லில் பெயர் வெட்டுகிற இடமென்றால் கை நீளுகிறது, மருமகளின் கடதாசியில் பெயர் எழுதுகிற இடமென்றால் கை சுருங்குகிறது. உங்கள் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு வந்தால்தான் நிரோஜினிக்கு உதவுவீர்கள் என்றால் சொல்லுங்கள், அதையும் பொன் எழுத்தில் எழுதுவிக்கிறேன்.

ஆகவே இதனால் சகலருக்கும் அறியத் தருவது என்னவென்றால், இந்த மாதம் முடிவதற்குள் உண்மையான கணக்கோடு உண்மையான கடதாசி வந்து சேர வேண்டும். வராவிட்டால், நிரோஜினியிடம் கொடுத்து அனுப்புவதற்கென்று உங்கள் தங்கை இலங்கைத்துறையிலிருந்து எடுப்பித்து வைத்திருக்கும் கருவாடு முழுவதையும் நானே தின்று தீர்ப்பேன். பிரஷர் ஏறினாலும் சரி. தலைவரிடம் போய், அந்தக் கல்லில் தொகை இருக்கிற இடத்துக்குச் சீமெந்து பூசுவிப்பேன். உங்கள் ஃபானை நீங்கள் வந்து நிற்கும் நாள் முழுக்க, வேகத்தைக் கூட்டி ஓட விடுவேன். பெயரைத் தேடிப் பிடித்து வாசித்துக்கொள்ளுங்கள்.

தாங்களும் தங்கள் மூன்று பெற்றோல் செட்டும், சறுக்கி விழுந்த கணக்காளரும், நீண்ட ஆயுளும் நிறைந்த செல்வமும் பெற்று வாழ எல்லாம் வல்ல பிள்ளையாரை வேண்டுகிறேன். அவர் இப்போது யார் பக்கம் என்பது மட்டும் தெரியவில்லை.

இப்படிக்கு,
தங்கள் தங்கையைக் கைப்பிடித்த ஒரே காரணத்துக்காக இவ்வளவையும் பொறுத்துக்கொண்டிருக்கும்,
பாக்கியரத்தினம்

பிற்குறிப்பு: மச்சான், மேலே எழுதியதை வாசிக்க வேண்டாம். இதை மேலேயே எழுதியிருக்க வேண்டும், அங்கே இடமில்லை. கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதலாம்தான். ஆனால் எழுதிய பக்கத்தைக் கிழித்துக் கிளாக்கர் கைக்குப் பழக்கமில்லை.

நேற்று கவரை ஒட்டப் போகும்போது நிரோஜினி, "மாமாவுக்கு என்ன எழுதினீங்கள்? தாங்கோ பாப்பம்" என்று வாங்கி வாசித்தாள். வாசித்துவிட்டுக் கதிரையை இழுத்து என் முன்னால் இருந்து, "அப்பா, அம்மாவுக்குச் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்கோ" என்றாள். போன கிழமை ரஜீவன் உங்கள் வரிக் கடதாசியில் இருந்த விலாசத்தைத் தேடி வந்தாராமே. யாரோ ஒருவர் வீட்டுக்குக் கீழே உள்ள நிலவறையில் ஒரு அறை. நீங்கள் அங்கே இல்லை, வேலை இடத்தில் நிற்கிறீர்கள் என்று வீட்டுக்காரர் வழி சொல்லி அனுப்பினாராம். பெற்றோல் செட்டில், தொப்பியோடு, கையில் குழாயோடு நின்றீர்களாம். பிள்ளையைக் கண்டதும் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, "எவ்வளவுக்கு அடிக்க?" என்று இங்கிலீசில் கேட்டீர்களாம். அவர் பஸ்ஸில் வந்தவர், மச்சான்.

பிறகு நீங்களே எல்லாம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மூன்று செட்டும் முதலாளியுடையது. நாங்கள் அல்பத்தில் ஒட்டி வைத்திருக்கிற படத்தில் உங்களுக்குப் பின்னால் நிற்கிற மாடிவீடும் அவருடையதுதான். சங்கிலி முலாம். மான் தின்ற கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. அந்த மூன்று கைகூப்பும் விளங்குகிறது. போதாது என்று தெரிந்தும், தங்கை அழுததைத் தாங்க ஏலாமல்தான் கையெழுத்து வைத்து அனுப்பினீர்களாம். ஆக, நீங்கள் பிள்ளையாரிடமும் பொய் சொல்லவில்லை, அமெரிக்காவிடமும் சொல்லவில்லை. இரண்டு கணக்கும் சரி. எங்களிடம் மட்டும்தான் சொன்னீர்கள், நாங்களும் இன்னும் கொஞ்சம் சொல்லுங்கோ என்று கதிரை போட்டுக் கேட்டோம்.

ரஜீவன் வந்து போன அடுத்த நாளே நீங்கள் முதலாளியின் காலில் விழாத குறையாய்க் கேட்டு, அவரைக் கொண்டே நிரோஜினிக்குப் பொறுப்பெடுக்க வைத்துவிட்டீர்கள். அவருடைய கடதாசி எல்லாம் ஈமெயிலில் ஜவ்பருக்கு வந்துவிட்டது. "இப்ப சரி சேர். இந்தமுறை கோயில் படம் ஒண்டும் வைக்காமல் அனுப்புவம்" என்றார். வைக்கவில்லை. அந்த முதலாளி இதற்கு உங்களிடம் கேட்டது என்ன என்பதையும் நிரோஜினி சொன்னாள். இந்த வருடம் லீவு இல்லை, திருவிழாவுக்குப் போக ஏலாது என்று. நீங்கள் ஓம் என்றீர்களாம். வருடம் முழுக்கக் குழாய் பிடித்துச் சேர்த்து, அந்தப் பத்து நாளுக்காகத்தானே வருகிறீர்கள்? அதைக் கேட்ட பிறகு எனக்குக் கொஞ்ச நேரம் கண்ணாடி துடைக்கிற வேலை இருந்தது. மான் ஒன்றும் வரவில்லை.

இன்று காலை கோயிலுக்குப் போனேன். தலைவர் மணிக்கூண்டடியில் பிடித்துக்கொண்டார். "என்ன பாக்கியம், ஆறாம் திருவிழாக்காரர் இன்னும் டிக்கெட் போடேல்லையாமே? வழமையாய் இந்நேரம் நோட்டீசில தன்ர பேரை எந்த அளவில போடுறது எண்டு பத்துத் தரம் போன் எடுப்பாரே. ஆளுக்கு ஏதும் கஷ்டமோ?" என்று உரத்துக் கேட்டார். சனம் நின்றது. தம்பலகாமத்துச் சம்பந்தி, அதுதான் ரஜீவனின் பெரியப்பாவும், அர்ச்சனைத் தட்டோடு பக்கத்தில் நின்றார். உங்கள் கல் என் தோளுக்கு நேரே இருந்தது. நான் வாயைத் திறந்தேன். "கஷ்டமோ? நல்ல கதை! மச்சான் இந்த வருசம் நாலாவது பெற்றோல் செட் திறக்கிறார். அதுதான் வர ஏலாது" என்றேன்.

ஆறாம் திருவிழா வழமைபோல் உங்கள் பெயரில் நடக்கும், என் பென்சன் அதற்குத் தாங்கும். அன்றைக்கு உங்கள் ஃபானையும் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். சனம் வேர்த்தால் வேர்க்கட்டும். கருவாடு நிரோஜினியோடு இரண்டு மடங்காக வரும். நாலாவது செட் பற்றித் தலைவர் நோட்டீசில் போடப் போகிறாராம், ஆகவே யாராவது போன் எடுத்து விசாரித்தால் ஓம் என்று மட்டும் சொல்லுங்கள். மூன்று செட் நீங்கள் கட்டியது மச்சான், நாலாவது என் உபயம்.